வெனிஸ்: போய் வந்தவர்களின் குறைகளும் போகப்போகிறவர்களின் கேள்விகளும்

இத்தாலியின் வெனிஸ் நகரம் பற்றி வந்த கடிதங்கள் இரண்டு வகை. போய் வந்தவர்களின் மனக்குறை ஒரு வகை, கிளம்புவதற்கு முன் எழும் சந்தேகம் மறுவகை. குறைகளையே முதலில் எடுத்துக்கொள்கிறோம். சந்தேகங்களுக்கான பதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: காலை பத்து மணிக்கு ரயிலில் இறங்கினோம். மாலை ஐந்துக்குக் கிளம்பிவிட்டோம். நடுவில் பார்த்ததெல்லாம் முன்னால் போனவர்களின் முதுகுதான். இதற்கா இத்தனை பெயர்?

பதில்: நீங்கள் பார்த்தது வெனிஸின் மிக மோசமான ஏழு மணி நேரம். அதுவும் மிக மோசமான தடத்தில். ரயில் நிலையத்திலிருந்து ரியால்டோ பாலம், அங்கிருந்து சான் மார்கோ சதுக்கம் என்று சுவர்களில் மஞ்சள் பலகைகள் வழிகாட்டும். அன்றைக்கு மட்டும் வந்து போகிற அத்தனை பேரும் அந்தப் பலகைகளைப் பின்தொடர்கிறார்கள். சில இடங்களில் எதிரெதிரே இரண்டு பேர் ஒதுங்கிப் போவதற்கே சிரமமான சந்து அது. குழு ஒன்று நின்று விளக்கம் கேட்டால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். இதனால்தான் 2024 முதல் ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று நகராட்சி விதி கொண்டுவந்தது.

மருந்து எளிது. ஓர் இரவு தங்குங்கள். காலை ஆறரை முதல் எட்டரை வரை சான் மார்கோ சதுக்கமும் ரியால்டோவும் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். குப்பை அள்ளும் படகும், கடைகளுக்குச் சரக்கு இறக்கும் படகும்தான் அந்த நேரத்து நடமாட்டம். பகலில் கூட்டத் தடத்தை விட்டு விலகுங்கள். வடக்கே கன்னரேஜோ பகுதியில் ஒர்மெசினி, மிசெரிகோர்டியா கால்வாய்க் கரைகள். கிழக்கே காஸ்தெல்லோ பகுதியில் கரிபால்டி தெரு. கிழக்கே போனால் ஆர்சனாலே கப்பல்துறை வாசலில் நிற்கும் சிங்கங்களைத் தவறவிடாதீர்கள். பெரிய சிங்கம் 1687-இல் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வாரிக்கொண்டு வரப்பட்டது. அதன் தோளில் வட ஐரோப்பாவின் வைக்கிங் வீரர்கள் செதுக்கிய ரூனிக் எழுத்து தேய்ந்துபோய் இன்னும் தெரிகிறது. பெரும்பாலான நேரம் அதன் முன்னால் நான்கு பேர்கூட நிற்பதில்லை.

கேள்வி: ஊருக்குள் நுழையவே கட்டணமாமே?

பதில்: ஆம், 2024 ஏப்ரல் 25 முதல். எல்லா நாளும் இல்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை அறிவிக்கப்பட்ட நாட்களில், பெரும்பாலும் வார இறுதியை ஒட்டி, காலை 8.30 முதல் மாலை 4 வரை நுழைபவர்களுக்கு மட்டும். 2025-இல் குறைந்தது நான்கு நாட்கள் முன்பே பதிந்தவர்களுக்கு 5 யூரோ, பிந்தியவர்களுக்கு 10 யூரோ. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிடையாது. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் விடுதியிலேயே சுற்றுலா வரி கட்டிவிடுகிறார்கள்.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். விலக்கு உண்டு என்றால் சும்மா போகலாம் என்று பொருளில்லை. நகராட்சியின் இணையதளத்தில் விடுதி முகவரியைப் பதிந்து விலக்குக்கான கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். ரயில் நிலைய வாசலில் சோதிப்பார்கள். இல்லையென்றால் அபராதம் 50 யூரோவில் தொடங்குகிறது. மாலை நாலு மணிக்குமேல் நுழைந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: கால்வாய் நாறும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. கோடையில் நீர் வடிந்திருக்கும் நேரத்தில், குறுகலான உள்கால்வாய்களில் சேற்று வாடையும் கழிவு வாடையும் வரும். நகரத்தின் பழைய பகுதியில் பாதாளச் சாக்கடை முழுமையாக இல்லை. வீட்டுக் கழிவு தொட்டிகளிலும் பழைய செங்கல் வாய்க்கால்களிலும் போய்க் கால்வாயில் சேர்கிறது. அதை நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்தான் கழுவிக்கொண்டு போகிறது. நீர் ஏறும்போது வாடை அடங்கிவிடும். கிராண்ட் கால்வாயிலும் தெற்கே ஜாத்தெரே கரையிலும் நீரோட்டம் உண்டு, அங்கே பயமில்லை. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் சின்னக் கால்வாயைப் பார்த்த அறையை ஆசைப்பட்டு எடுக்காமல் இருப்பது நல்லது. கொசுவும் அங்கேதான்.

கேள்வி: படங்களில் பார்த்த அழகு நேரில் இல்லை. சுவரெல்லாம் காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. கோடிக்கணக்கில் பணம் புரளும் ஊரில் வெள்ளையடிக்கக்கூட மாட்டார்களா?

பதில்: அடிக்கிறார்கள், நிற்பதில்லை. காரணம் உப்பு. ஏதாவது கால்வாய் ஓரம் நின்று எதிர்ச்சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். நீரை ஒட்டிப் பச்சைப் பாசி. அதற்குமேல் வெளுத்த கல் வரிசை; அது இஸ்திரியா தீபகற்பத்திலிருந்து வந்த சுண்ணக்கல், அடர்த்தியானது, நீரை லேசில் உறிஞ்சாது. அதற்குமேல்தான் செங்கல். அந்தக் காலத்தில் கட்டியவர்கள் கணக்காகத்தான் கட்டினார்கள்: அலை கல்லோடு நிற்கும், செங்கலைத் தொடாது. ஆனால் நிலம் தாழ்ந்ததும் கடல் உயர்ந்ததும் சேர்ந்து கடந்த நூறு ஆண்டுகளில் நீர்மட்டம் சுமார் 30 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. எதிரே மர்கேரா தொழிற்பகுதியில் ஆலைகளுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதும் நிலம் தாழ்ந்ததற்கு ஒரு காரணம். 1970-களில்தான் அதை நிறுத்தினார்கள்.

இப்போது உப்புநீர் செங்கலைத் தொடுகிறது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சுவருக்குள் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிடும், உப்பு உள்ளேயே படிகமாகத் தங்கிவிடும். படிகம் பருக்கப் பருக்கக் காரை பிளந்து விழும், செங்கல் மாவாக உதிரும். அதன்மேல் புதுச் சுண்ணாம்பு அடித்தால் சில வருடங்களில் அதுவும் சேர்ந்து விழும். சரியான வைத்தியம், சுவரைப் பகுதி பகுதியாக அறுத்து உப்பேறிய செங்கலை எடுத்து, ஈரம் ஏறாத தடுப்பு வைத்துப் புதுச்செங்கல் அடுக்குவது. எவ்வளவு செலவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும், கட்டடங்களைத் தாங்க அடியில் சேற்றுக்குள் இறக்கிய மரக்கட்டைகள் நன்றாகவே இருக்கின்றன. சேற்றுக்குள் காற்றுப் படாமல் புதைந்திருப்பதால் மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு அங்கே வாழ்வில்லை. சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கட்டைகள் இறக்கியதாகப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

கேள்வி: விடுதி விலை தாங்கவில்லை. மெஸ்த்ரேயில் தங்கினால் என்ன?

பதில்: தங்கலாம். மெஸ்த்ரே கரைப்பகுதி, சாதாரண ஊர். அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். டிராமும் பேருந்தும் பியாத்சாலே ரோமா வரை வரும். சக்கர வண்டிகளுக்கு அதுதான் கடைசி எல்லை. மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்தது என்பதால் நுழைவுக் கட்டண விலக்கும் உண்டு. இழப்பது அதிகாலையையும் பின்னிரவையும். இரண்டு இரவு தங்குகிறவர்கள் ஓர் இரவையாவது தீவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ரயிலில் கவனம்: நிலையத்தின் பெயர் வெனேத்சியா மெஸ்த்ரே, வெனேத்சியா சாந்தா லூச்சியா என்று இரண்டும் 'வெனேத்சியா' என்றே தொடங்கும். தீவுக்குள் இருப்பது சாந்தா லூச்சியா. பெயரின் முன்பாதியைப் பார்த்து மெஸ்த்ரேயில் இறங்கிவிட்டுக் கால்வாயைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: டிக்கெட் கையிலேயே இருந்தது. ஆனாலும் படகில் அபராதம் போட்டுவிட்டார்கள். இது என்ன நியாயம்?

பதில்: டிக்கெட் வாங்கினால் போதாது, ஏறுவதற்கு முன் துறையில் இருக்கும் கருவியில் அதை வைத்து உயிர்ப்பிக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்து 'பீப்' சத்தம் வந்தால்தான் கணக்கு. நாள் பாஸ் வைத்திருப்பவர்களும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் இதைச் செய்ய வேண்டும். நீங்கள் முதல்முறை செய்துவிட்டு அடுத்தமுறை விட்டிருப்பீர்கள், அல்லது விளக்கைப் பார்க்காமல் வந்திருப்பீர்கள்.

வபோரெட்டோ எனப்படும் நீர்ப்பேருந்தில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. ஒரு நாள் பாஸ் 25, இரண்டு நாள் 35, மூன்று நாள் 45. ஒரு நாளில் மூன்று முறை ஏறுவீர்கள் என்றால் பாஸ்தான் லாபம். 6 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் 'ரோலிங் வெனிஸ்' அட்டையை 6 யூரோவுக்கு வாங்கிக்கொண்டால் மூன்று நாள் பாஸ் 27 யூரோவுக்குக் கிடைக்கும். கட்டணங்கள் அடிக்கடி ஏறுகின்றன, கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாள் என்பது முதல் 'பீப்'பிலிருந்து 24 மணி நேரம். மதியம் மூன்று மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மூன்று வரை செல்லும். இதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பாஸில் இரண்டு பகுதிநாட்களை ஓட்டலாம்.

பெரிய துறைகளில் ஏ, பி என்று தனித்தனி மிதவை மேடைகள் உண்டு. ஒரே எண் படகு ஒரு மேடையில் கிழக்கே போகும், இன்னொன்றில் மேற்கே. எண்ணை மட்டும் பார்த்து ஏறாமல் பலகையில் இருக்கும் கடைசித் துறையின் பெயரைப் பாருங்கள். கிராண்ட் கால்வாயைப் பார்க்க 1-ஆம் எண். எல்லாத் துறையிலும் நிற்கும். 2-ஆம் எண் சீக்கிரம் போகும். மாலை இருட்டியபின் 1-இல் பியாத்சாலே ரோமாவிலிருந்து சான் மார்கோ வரை போய்ப் பாருங்கள். மாளிகைகளில் விளக்கேற்றியிருப்பார்கள், மேல்தளத்து ஓவிய விதானங்கள் சன்னல் வழியே தெரியும். முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வைப்பது அங்கே எழுதப்படாத மரியாதை இல்லை, எழுதியே ஒட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: கொண்டோலாவுக்கு 150 யூரோ கேட்டார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நகராட்சி நிர்ணயித்த கட்டணம் 2023 நவம்பர் முதல் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்குமேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது படகுக்கு, தலைக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். பாட்டு வேண்டுமென்றால் தனிக் காசு. ஏறும் முன் எத்தனை நிமிடம், எந்த வழி, எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். கிராண்ட் கால்வாயை ஏற்கெனவே வபோரெட்டோவில் பார்த்திருப்பீர்கள், ஆகவே உள்கால்வாய் வழியாகப் போகச் சொல்லுங்கள்.

கொண்டோலாவில் கால் வைத்தால் போதும் என்பவர்களுக்கு 2 யூரோவில் வழி இருக்கிறது. கிராண்ட் கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆள் ஏற்றும் த்ராகெத்தோ என்ற படகு. அலங்காரம் இல்லாத பெரிய கொண்டோலாதான். சாந்தா சோஃபியா துறையிலிருந்து ரியால்டோ சந்தைப் பக்கம் போகலாம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அவ்வளவே.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் விடுதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் ஏறப் பத்துப் பதினைந்து படி, இறங்கவும் அதே. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது ஆறேழு பாலமாக இருக்கும். அறை எடுக்கும்போது 'அருகிலுள்ள வபோரெட்டோ துறைக்கும் வாசலுக்கும் நடுவே எத்தனை பாலம்?' என்று எழுதிக் கேளுங்கள். பாலமே இல்லை என்று பதில் வந்தால் எடுங்கள். 'மின்தூக்கி உண்டா?' என்பது இரண்டாவது கேள்வி. பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது. நகராட்சி வெளியிடும் வரைபடத்தில் படி ஏறாமல் போகக்கூடிய பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கும். வபோரெட்டோவில் சக்கர நாற்காலி நேராக ஏறும்.

உங்கள் பெட்டிக்கும் இதே கதிதான். பெரிய சக்கரப் பெட்டியை ஒவ்வொரு பாலத்திலும் தூக்க வேண்டும். ரயில் நிலையத்திலும் பியாத்சாலே ரோமாவிலும் பெட்டி வைக்கும் இடம் உண்டு. ஓரிரவுக்கு வேண்டியதைச் சின்னப் பையில் எடுத்துக்கொண்டு மீதியை அங்கே விட்டுவிடுங்கள்.

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெனிஸில் கதவு எண் தெருவுக்கு அல்ல, பகுதிக்கு. நகரம் ஆறு பகுதிகள். காஸ்தெல்லோவில் எண் ஆறாயிரத்தைத் தாண்டும். 'காஸ்தெல்லோ 4300' என்று வைத்துக்கொண்டு தேடினால் மாலை ஆகிவிடும். தெருப் பெயரையும் பக்கத்துத் தேவாலயத்தின் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். குறுகிய சந்துகளில் கைபேசியின் நீலப்புள்ளி அடுத்த சந்துக்குத் தாவும், அதை நம்பித் திரும்பினால் படித்துறையில் போய் நிற்பீர்கள்.

கேள்வி: நவம்பரில் போகிறோம். வெள்ளம் வருமா? 187 சென்டிமீட்டர் என்று படித்ததும் மனைவி வேண்டாம் என்கிறார்.

பதில்: அந்த 187 என்பது 2019 நவம்பர் 12 அன்று வந்தது. 1966 நவம்பர் 4 அன்று 194. இந்த எண்களைத் தெருவில் நின்ற நீரின் ஆழம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1897-இல் வகுத்த சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளப்பது அது. நகரத்தின் தாழ்வான இடமான சான் மார்கோ சதுக்கத்திலேயே 80 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் நீர் எட்டிப்பார்க்கும். 110 வந்தால் அங்கே முழங்காலுக்குக் கீழே நிற்கும். நகரத்தில் எட்டில் ஒரு பங்குதான் நனையும்.

2020 அக்டோபரிலிருந்து மோசே என்ற தடுப்பு வேலை செய்கிறது. கடலும் காயலும் சேரும் மூன்று வாய்களில் 78 இரும்புக் கதவுகள் அடியில் படுத்திருக்கும். காற்றைச் செலுத்தினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறிக் கதவு மிதந்து எழும். பெரிய வெள்ளம் இதனால் நின்றுவிட்டது. ஆனால் கதவை எழுப்பினால் துறைமுகப் போக்குவரத்து நிற்கும், செலவும் உண்டு. ஆகவே 110-ஐ ஒட்டி வரும் என்று கணித்தால்தான் எழுப்புகிறார்கள். 90, 100 என்று வரும் நாட்களில் சதுக்கத்தில் நீர் நிற்கலாம். பலகை நடைபாதை போடுவார்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். நகராட்சியின் அலை முன்னறிவிப்பை முந்தைய நாளே பார்த்துக்கொண்டால் போதும். மனைவியிடம் சொல்லுங்கள்: நவம்பரில் கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு. பனிமூட்டம் வேண்டுமானால் மறைக்கலாம்.

கேள்வி: சான் மார்கோ பேராலய வாசல் வரை போய்த் திரும்ப வேண்டியதாகிவிட்டது. வேறு எதற்கெல்லாம் இப்படி?

பதில்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பை கூடாது. ஞாயிறு காலையில் வழிபாடு, பார்வையாளர்களுக்குப் பிற்பகல்தான். இணையத்தில் நேரம் பதிந்துகொண்டால் வரிசை குறையும். உள்ளே போனவர்கள் மாடி அருங்காட்சியகத்துக்கும் ஏறுங்கள். 1204-இல் சிலுவைப்போர்ப் படை கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையடித்தபோது கொண்டுவந்த நான்கு செம்புக் குதிரைகள் அங்கேதான் இருக்கின்றன. வெளி முகப்பில் நிற்பவை நகல். எதிரே இருக்கும் மணிக்கூண்டு பழசுபோல் தோன்றும். 1902 ஜூலை 14 அன்று மொத்தமாகச் சரிந்து, 1912-இல் திரும்பக் கட்டப்பட்டது. அதற்கு நீண்ட வரிசை. எதிர்த்தீவில் சான் ஜோர்ஜோ மஜோரே ஆலயத்து மணிக்கூண்டிலும் மின்தூக்கி உண்டு. வரிசை சிறியது, அங்கிருந்து சான் மார்கோவே தெரியும்.

பழைய வெனிஸ் குடியரசின் தலைவரான தோஜேயின் அரண்மனைக்கு 30 நாட்கள் முன்பே டிக்கெட் எடுத்தால் விலை குறையும். ஓவியம் பிடித்தவர்கள் ஸ்கூலா கிராந்தே தி சான் ரோக்கோ என்ற பழைய சமயச் சங்க மாளிகைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தின்தொரெத்தோவின் ஓவியங்கள் விதானம் முழுவதும் இருக்கும். கழுத்து வலிக்காமல் பார்க்கக் கைக்கண்ணாடி தருவார்கள், அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். சான் சக்கரியா ஆலயத்தில் பெல்லினி 1505-இல் வரைந்த பீடச் சித்திரம் இருட்டில் இருக்கும். பக்கத்துப் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் தானே அணையும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். என்ன சாப்பிடுவது?

பதில்: பட்டினி இருக்காது, ஆனால் ஏமாறும் இடங்கள் உண்டு. ரிசோத்தோ, மினெஸ்த்ரோனே சூப் இரண்டும் காய்கறி என்று எழுதியிருந்தாலும் இறைச்சி அல்லது மீன் சாறில் வேகவைத்திருக்கலாம். பட்டாணிச் சோறான 'ரிசி எ பிசி'யில் பன்றித் துண்டு சேர்ப்பது வழக்கம். மாறாக, 'மரினாரா' என்ற பீட்ஸாவின் பெயரில்தான் கடல். மேலே தக்காளி, பூண்டு, ஒரேகானோ மட்டும்தான், சீஸ்கூட இல்லை. தக்காளி பாஸ்தா, கத்தரிக்காய், பூசணி, கூனைப்பூ வறுவல் எல்லாம் கிடைக்கும். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே' என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். 'சென்ஸா ப்ரோதோ' என்றும் சேர்த்தால் சாறும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். மிகக் கண்டிப்பானவர்கள் பார்மிஜானோ சீஸைத் தவிர்க்க வேண்டும், அதில் கன்றின் இரைப்பை நொதி உண்டு.

கேள்வி: மீன் விலை 9 யூரோ என்று பார்த்துத்தான் சொன்னோம். பில் 54 வந்தது.

பதில்: விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று சின்னதாக எழுதியிருந்திருக்கும். 100 கிராமுக்கான விலை அது. உங்கள் மீன் 600 கிராம், கணக்கு சரிதான். சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டி மொத்த விலையைச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கைக் கட்டணம் வரும், அது ஏமாற்று அல்ல. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சான் மார்கோ சதுக்கத்தில் 1720 முதல் நடக்கும் ஃப்ளோரியனில் வாத்தியக் குழு வாசிக்கும்போது வெளியே உட்கார்ந்தால் இசைக்கும் தனிக் கட்டணம். விலைப்பட்டியலில் போட்டிருக்கும்.

குடிநீருக்குக் காசு கொடுக்காதீர்கள். சதுக்கங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, நல்ல நீர். ஆனால் ரியால்டோ பாலப் படியிலோ சான் மார்கோ தூண்களடியிலோ உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அபராதம். புறாவுக்குத் தீனி போடுவதும் 2008 முதல் தடை.

கேள்வி: விடுதியிலேயே முரானோ கண்ணாடித் தீவுக்கு இலவசப் படகு ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். போகலாமா?

பதில்: படகு இலவசம்தான். இறங்கியதும் உலை காட்டி, உடனே விற்பனைக் கூடத்துக்கு அழைத்துப் போவார்கள். வாங்காமல் வெளியே வருவது சங்கடம். விடுதிக்குத் தரகு உண்டு. ஃபோந்தமென்தே நோவே துறையிலிருந்து சொந்தமாகவே வபோரெட்டோவில் போய்விடலாம், பத்து நிமிடம். தீவிபத்துக்குப் பயந்து 1291-இல் கண்ணாடி உலைகளை வெனிஸிலிருந்து அங்கே மாற்றினார்கள். இன்று வெனிஸ் தெருக்கடைகளில் விற்கும் மலிவுக் கண்ணாடியில் பெரும்பகுதி வேறெங்கோ செய்தது. 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' என்ற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதே துறையிலிருந்து 12-ஆம் எண் படகு புரானோ தீவுக்கு முக்கால் மணி நேரத்தில் போகும். வண்ண வீடுகளுக்காகக் கூட்டம் பத்து மணிக்குமேல் குவியும், ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். அங்கே கடைகளில் தொங்கும் லேஸ் துணி பெரும்பாலும் இயந்திர வேலை. கைவேலையை லேஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். புரானோவிலிருந்து இன்னொரு படகில் ஐந்து நிமிடம் தள்ளி தோர்செல்லோ தீவு. 639-இல் நிறுவிய ஆலயத்தின் மேற்கு உள்சுவர் முழுக்கக் கடைசித் தீர்ப்பு மொசைக். திரும்பும் படகின் நேரத்தைத் துறையில் இறங்கியதுமே குறித்துக்கொள்ளுங்கள், சேவை குறைவு.